அலோசியஸுக்குப் பின்னால் ஒரு எஸ்

செப்டம்பர் 6, சனி

அம்மாவின் பெயரில் கடைசி எழுத்து உதிர்ந்துவிட்டது. போன டிசம்பரில் அடக்கத்தன்று அவசரத்துக்கு ஒரு மரச்சிலுவை நட்டு, வெள்ளைப் பெயின்டால் எழுதியது. அருள்சீலி என்பது இப்போது ‘அருள்சீ’ என்று நிற்கிறது. யாரோ அம்மாவைச் சீ என்று சொல்வது போல இருந்தது. பையிலிருந்த மார்க்கர் பேனாவால் ‘லி’ போட்டுப் பார்த்தேன். மரம் ஈரமாக இருந்ததால் மை ஊறிப் பரவி ஒரு வண்டு உட்கார்ந்தது மாதிரி ஆகிவிட்டது.

“விடு பிள்ள. கல்லறைத் திருநாளுக்கு முன்னால கல்லு வச்சிருவோம்” என்றார் அப்பா.

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. அன்றைக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் ஆட்கள் எல்லாரும் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவார்கள். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து ஜெபிப்பார். அம்மாவுக்கு இதுதான் முதல் திருநாள். வருகிறவர்கள் எல்லாரும் வாசிப்பார்கள். அதற்குள் கல் வந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். உளுந்து கொஞ்சம் கூடிவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

கல்லில் என்ன எழுதுவது என்று இன்று முடிவு செய்வதாக இருந்தது. முடியவில்லை.

அப்பாவின் பெயர் அலோசியஸ். ஆண்கள் பள்ளியில் பிளஸ் டூ பையன்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறார். எங்கள் தெருமுனை பேக்கரியில் ‘கேக்’ஸ்’ என்று எழுதியிருந்ததைக் கடைக்காரரிடம் மூன்று தடவை சொல்லி அழிக்க வைத்தவர். ஆங்கிலத்தில் எழுத்துக்கு மேலே தொங்குமே, அப்பாஸ்ட்ரஃபி, அதற்கு எங்கள் வீட்டில் வால் என்று பெயர். உரிமைக்குத்தான் வால், பன்மைக்கு வால் வைக்கிறவனுக்குச் சோறே போடக் கூடாது என்பார் அப்பா.

பெரியம்மா, அம்மாவின் அக்கா. பெயர் தனிஸ்லாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். கன்னியர் மடத்து மதர்களிடம் ஆங்கிலம் படித்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

கல்லில் அம்மா பெயர், தேதிகள், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: அலோசியஸின் அன்பு மனைவி. அந்த ‘அலோசியஸின்’தான் பிரச்சினை.

“எஸ்ல முடியுத பேருக்கு வாலு வச்சு இன்னொரு எஸ் போடணும் மதினி. அலோசியஸஸ். வாய் அப்படித்தான சொல்லுது?”

“வாய் என்னமும் சொல்லும் தம்பி. மதர் எங்களுக்குச் சொல்லித் தந்தது வாலு மட்டும். இன்னொரு எஸ் கெடையாது. இயேசு பேரையே அப்படித்தான எழுதுதோம்? அவருக்கே இல்லாத எஸ் ஒங்களுக்கு எதுக்கு?”

“அவரு பழைய காலத்து ஆளு. பழைய பேருக்கு மட்டும் அந்தச் சலுகை.”

“சலுகையா! ஏட்டி இமல்டா, கேட்டியா? ஒங்கப்பா ஆண்டவருக்குச் சலுகை குடுக்காரு.”

நான் சிரித்துவிட்டேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. அதனால் எழுந்து போய்க் குழம்பைக் கிண்டினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பள்ளி நூலகத்தில் மூன்று இலக்கணப் புத்தகங்கள் எடுத்தேன். ஒன்று அப்பா கட்சி. ஒன்று பெரியம்மா கட்சி. மூன்றாவது, இரண்டும் சரி, வீட்டில் எது பழக்கமோ அதை எழுதிக்கொள்ளலாம் என்கிறது. ஒரு இலக்கணப் புத்தகம் இப்படிப் பேசலாமா? மூன்றாவதை வீட்டில் காட்டவில்லை.

செப்டம்பர் 13, சனி

அப்பாவுடன் வண்ணார்பேட்டை போகும் வழியில் இருக்கும் கல்லுக்கடைக்குப் போனேன். கடை நடத்துகிறவர் பேச்சிமுத்து அண்ணாச்சி. மீசை, புருவம், சட்டை எல்லாம் ஒரே கல்தூசி. கடைக்குள் செதுக்கி முடித்த கற்கள் சுவரில் சாய்ந்து நின்றன. இறந்தவர்கள் எல்லாரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல இருந்தது.

“கறுப்பு கிரானைட்டு வந்துட்டு சார். வாசகந்தான் வரல” என்றார் அண்ணாச்சி.

“ஒரே ஒரு வரிதான் அண்ணாச்சி. அடுத்த வாரம் முடிச்சிருவோம்.”

“மெதுவாச் செய்ங்க. கீழ பாதி விடணும்லா? உங்க ஆளுக வழக்கப்படி?”

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. கணவனோ மனைவியோ முதலில் போனால் அவர் பெயரைக் கல்லின் மேல் பாதியில் மட்டும் வெட்டுவார்கள். கீழ்ப் பாதி மற்றவருக்கு. அவரும் காலம் வரும்போது அதே குழிக்குத்தான் வருவார். சில குடும்பங்களில் மற்றவர் பெயரையும் பிறந்த தேதியையும்கூட முன்கூட்டியே வெட்டி, ஒரு கோடு போட்டு, மீதியை விட்டுவைப்பார்கள்.

அப்பா பக்கத்திலிருந்த ஒரு கல்லின் எழுத்தைத் தடவிப் பார்த்தார். “எஸ்ஸுக்கு மேல ஒரு வாலு வெட்டணும்னா எவ்ளோ ஆழம் வெட்டுவீய?” என்று கேட்டார்.

“என்ன வாலு சார்?”

அப்பா ஒரு கல்லின் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் வரைந்து காட்டி, உரிமை என்றால் என்ன, பன்மை என்றால் என்ன என்று வகுப்பே எடுத்துவிட்டார். அண்ணாச்சி உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதி விடுவதைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. மறந்துவிட்டார் போல.

செப்டம்பர் 18, வியாழன்

நாளை கணக்குத் தேர்வு. மாலையில் கிறிஸ்டில்டா டீச்சர் வந்திருந்தார். அப்பா பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். அப்பாவைவிட ஐந்தாறு வயது இளையவராக இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, போன வருடம்வரை படுக்கையில் கிடந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவந்தார். வட்டத்தின் தொடுகோட்டை ஒரு தட்டையும் ஸ்கேலையும் வைத்து விளக்கினார். நன்றாகப் புரிந்தது. அதை இங்கே எழுதுவது நியாயம்.

பிறகு அப்பாவிடம் செல்போனை நீட்டினார். பள்ளிக் கண்காட்சிக்கு அவர் தயாரித்த பேனர். “சார், தப்பிருந்தா சொல்லுங்க. எனக்கு இங்கிலீஷ்னாலே பயம்.”

நான் அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். முதல் வரியிலேயே மாணவர்கள் என்ற பன்மைக்கு வால். ‘ஸ்டூடன்ட்’ஸ்’. சிவப்பு நிறத்தில், என் கட்டைவிரல் அளவுக்கு.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழேவரை வாசித்தார். “நல்லாருக்கு டீச்சர்” என்றார்.

அவர் போன பிறகு கேட்டேன். “அப்பா, அதுல வாலு...”

“பேனர்தான பிள்ள. யாரு பாக்கா.”

அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் இருக்கும்போது இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் ஏனென்று தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

கணக்கு எளிதாக இருந்தது. தேர்வு முடிந்ததும் சபூராவிடம் பேனர் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் பக்கத்து பெஞ்சு, ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி.

“ஒங்கப்பா கண்ணுல ஒண்ணும் இல்லட்டி” என்று சிரித்தாள். “நீதான் கண்ணாடி போடணும்.”

எனக்குப் பார்வை சரியாக இருக்கிறது. போன மாதம்தான் பள்ளியில் சோதித்தார்கள். அவளிடம் மேலே கேட்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பூசையில் பிரசங்கத்தின்போது தோன்றியது. வரியைத் திருப்பிப் போட்டுவிட்டால் போதும். ‘அன்பு மனைவி, அலோசியஸுடைய’ என்று வருகிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதலாம். அப்போது வாலும் வேண்டாம், எஸ்ஸும் வேண்டாம். சண்டையே இல்லை. பூசை எப்போது முடியும் என்று இருந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். இருவரும் கையில் சோற்றுடன் நிமிர்ந்தார்கள்.

“அது என்னமோ பத்திரம் எழுதுன மாதிரி இருக்கு” என்றார் பெரியம்மா.

“ஆமா, நீட்டி மொழக்கிக்கிட்டு. கல்லுக்குச் சரிவராது” என்றார் அப்பா.

இரண்டு வாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான். பிறகு அப்பா ரசம் ஊற்றிக்கொண்டு, “ஆனா மதினி, அந்த எஸ் இல்லாம எப்படிங்கேன்?” என்று மறுபடி ஆரம்பித்தார்.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. தாகம் எடுக்கிறது என்கிறவர்களிடம் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டாமா?

செப்டம்பர் 25, வியாழன்

நாளையோடு காலாண்டுத் தேர்வு முடிகிறது. கிறிஸ்டில்டா டீச்சர் மறுபடி வந்தார். தொடுகோடுதான் முடிந்துவிட்டதே.

அக்டோபர் 5, ஞாயிறு

அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் வாலும் எஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுப் பழகிவிட்டதால் காதில் வாங்கவில்லை. திடீரென்று பெரியம்மாவின் குரல் தணிந்தது. தணிந்தால்தான் எனக்கு நன்றாகக் கேட்கும்.

“பாதி விடுங்க தம்பி. ஒங்க பேரையும் பொறந்த தேதியையும் இப்பமே வெட்டச் சொல்லிருங்க. ஊரு வாயும் அடைஞ்சிரும். கோயில்ல என்ட்டயே வந்து கேக்காவ.”

“என்ன கேக்காவ?”

“என்னத்தக் கேப்பாவ? டீச்சர் வந்து போறதத்தான்.”

“மொதல்ல அந்த வரிய முடிப்போம் மதினி. பாதியப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“வரி முடிஞ்சா பாதியப் பத்திப் பேசணும்னுதான நீங்க எஸ்ஸப் புடிச்சித் தொங்குதீய?”

தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“நீங்களுந்தான் தொங்குதீய” என்றார் அப்பா.

அப்பளம் கருகிவிட்டது. கருகினதை நானே தின்றேன்.

கிளம்பும்போது பெரியம்மா வாசலில் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்கப்பாவுக்கு நீயாச்சும் புத்தி சொல்லு” என்றார்.

“எதப் பத்தி பெரியம்மா?”

பெரியம்மா என்னைப் பார்த்தார். “இலக்கணத்தப் பத்தித்தான்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

துணி துவைத்தேன். அம்மாவின் நைட்டி ஒன்று தலையணை உறைகளுக்கு நடுவில் இருந்தது. அதையும் துவைத்துக் காயப்போட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பெரியம்மா இந்த வாரம் வரவில்லை. மூட்டுவலி என்று சொல்லி அனுப்பினார். அப்பா என்னை பைக்கில் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். வெண்டைக்காய், சின்ன வெங்காயம், ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம். திரும்பி வரும்போது வண்டியை மெதுவாக ஓட்டினார்.

“இமல், வீட்டு வேலையும் படிப்புமா ஒனக்கு ஒத்தையில கஷ்டமா இருக்கோ?”

“இல்லப்பா.”

“ஒத்தாசைக்கு யாராச்சும் வீட்ல இருந்தா...”

“வேலைக்கு ஆள் எல்லாம் வேண்டாம்ப்பா. நானே பாத்துக்கிடுதேன்.”

அப்பா இருமினார். வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

அவர் வேலைக்காரம்மாவைத்தான் சொன்னார் என்று நான் உண்மையாகவே நினைத்தேனா? அந்த நேரத்தில் நினைத்தேன் என்றுதான் தோன்றுகிறது. இப்போது எழுதும்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. தெரு முழுக்க வெடிச் சத்தம். பெரியம்மாவுக்கு இன்னும் கால் வலிப்பதால், பெரியப்பாவின் கல்லறையைக் கழுவத் துணைக்கு என்னைக் கூட்டிப்போனார். நான் பிறப்பதற்கு முன்பே பெரியப்பா இறந்துவிட்டார். அந்தக் கல்லறைக்கு இதுவரை சும்மா பூ வைக்கத்தான் போயிருக்கிறேன்; கூட்டத்தில் எதையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

இன்று வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். பாசி போனதும் எழுத்து தெரிந்தது. மேலே பெரியப்பா. கீழே பெரியம்மாவின் பெயர். பிறந்த தேதி. ஒரு கோடு. அப்புறம் ஒன்றும் இல்லை.

உயிரோடு பக்கத்தில் நின்று எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிற ஒருவரின் பெயரை நான் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

“என்னட்டி பயந்துட்டியா? அந்தக் கோட்டுக்குள்ள நல்லாத் தேய். அழுக்கு அதுலதான் அடையும்.”

“இது எப்ப வெட்டுனது பெரியம்மா?”

“ஒங்க பெரியப்பா செத்த வருசமே. எனக்கு அப்ப முப்பது முடிஞ்சிருந்துச்சு. என் மாமனாரு நின்னு வெட்டுனாரு.”

“ஒங்கள்ட்ட கேட்டாங்களா?”

“என்னத்தக் கேக்க? நான் வீட்டுக்குள்ள கெடந்தேன். முப்பதாம் நாள் பூசைக்கு இங்க வந்தப்பத்தான் பாத்தேன்.” பெரியம்மா சேலைத் தலைப்பால் தன் பெயரைத் துடைத்தார். “அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு ஒரு சம்பந்தம் வந்துச்சு. தூத்துக்குடி ஆளு, துறைமுகத்துல வேலை. நல்ல மனுசன்னு சொன்னாவ. பேச வந்தவரு, மரியாதைக்குப் பெரியப்பா கல்லறையப் பாக்கணும்னு வந்தாரு. கல்ல வாசிச்சாரு. சொல்லாம பஸ் ஏறிட்டாரு.”

நான் பிரஷ்ஷை வாளியில் முக்கினேன்.

“அதான் சொல்லுதேன்” என்றார் பெரியம்மா. “கல்லுல வெட்டிட்டா மனசு அலையாது. நான் அலையலையே.”

அப்பா கல்லில் ஏன் பாதி விட வேண்டும் என்று காட்டத்தான் பெரியம்மா இந்தக் கதையைச் சொன்னார். எனக்கு அது நேர் எதிரான காரணமாகக் கேட்டது. வரும் வழியெல்லாம் யோசித்தேன். கேட்டவள் நான் தப்பாகக் கேட்டேனா, சொன்னவர் வேறு எதையோ சொன்னாரா?

அக்டோபர் 23, வியாழன்

மழை. பள்ளி விடுமுறை. அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. பேச்சிமுத்து அண்ணாச்சி.

“பாப்பா, அப்பா இருக்காரா? இன்னைக்கு வாசகம் முடிவாகலேன்னா ரெண்டாந்தேதிக்குக் கல்லு ஏறாது. திருநாள் வேலை மலையாக் கெடக்கு. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. அந்த வரி எப்படி? பாதி விடணுமா வேண்டாமா?”

“இருங்க அண்ணாச்சி.”

போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு குளியலறை வாசலுக்குப் போனேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். அப்பா ஏதோ ஒரு கோயில் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவர் பாடி நான் கேட்கவில்லை. கதவைத் தட்டக் கை தூக்கினேன். தட்டினால் பாட்டு நின்றுவிடும். அப்புறம் எஸ் என்பார்.

தட்டவில்லை. கூடத்துக்குத் திரும்பி வந்தேன்.

“அப்பா சொல்லிட்டாங்க அண்ணாச்சி. அந்த வரி வேண்டாமாம். அம்மா பேரும் தேதியும் மட்டும் போதுமாம்.”

“பாதி?”

“விட வேண்டாமாம்.”

“ரொம்ப காலியாத் தெரியுமே பாப்பா.”

“எழுத்தப் பெருசா வெட்டுனா நெறைஞ்சிராதா?”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “நெறையும். ஜம்முனு இருக்கும்” என்றார்.

போனை அப்பாவின் மேஜைமேல் திரும்ப வைத்தேன். அப்பாவை அவர் போக்கில் விட்டுவிடுவதற்காகச் செய்தேனா, அப்பாவுக்கு அந்தக் கல்லில் இடம் கிடையாது என்று சொல்வதற்காகச் செய்தேனா? கோபமா, பாசமா? இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரியாகத்தான் வருகிறது.

அக்டோபர் 24, வெள்ளி

யாரிடமும் சொல்லவில்லை. உளுந்து ஊறவைக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்துவிட்டது.

அப்பா பள்ளியிலிருந்து வந்து ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியம்மா வந்திருந்தார். மழையிலும் கால்வலியிலும் வந்திருந்தார்.

“நீங்க சொன்ன மாதிரியே வாலு மட்டும் போட்டுருவோம் மதினி. இன்னொரு எஸ் வேண்டாம்” என்றார் அப்பா.

பெரியம்மா ஆச்சரியத்தில் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“பாதியும் விட்டுருவோம். என் பேரையும் வெட்டச் சொல்லுதேன். நாள் நெருங்கிட்டு. இதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல.”

பெரியம்மா ஜெயித்துவிட்டார். ஆனால் அவர் முகத்தில் அது தெரியவில்லை. “நல்லா யோசிச்சுட்டீயளா?” என்று மட்டும் கேட்டார். இத்தனை நாளும் யோசிக்காதே, வெட்டு என்று சொன்னவர்.

“நா கடைக்கு ஒரு போன் போட்டுருதேன்” என்று அப்பா எழுந்தார்.

“நீங்க துணி மாத்துங்கப்பா. நான் சொல்லிருதேன்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மாடிப்படிக்குக் கீழே நின்று பேசினேன்.

“வெட்டி முடிச்சு பாலிசும் போட்டாச்சு பாப்பா. அப்பா சொன்னாருன்னு நீதான சொன்ன?”

“ஆமா அண்ணாச்சி.”

“பின்ன என்ன?”

“ஒண்ணுமில்ல. நல்லா வந்திருக்கான்னு கேக்கச் சொன்னாங்க.”

நவம்பர் 1, சனி

கல் ஏற்றிவிட்டார்கள். அப்பாவுக்குச் சிறப்பு வகுப்பு; நான் மட்டும் போனேன். மரச்சிலுவையைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்கள். கல்லில் அம்மா பெயர் அவ்வளவு பெரியதாக இருந்தது. உயிரோடு இருந்தபோது எதிலும் அவள் பெயர் இவ்வளவு பெரியதாக எழுதப்பட்டதில்லை. ரேஷன் அட்டையில்கூடக் கீழேதான் இருக்கும்.

நாளை அப்பா வாசிப்பார். பெரியம்மா வாசிப்பார்.  சபூராவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “எனக்குச் சொல்லத் தெரியலட்டி” என்றாள். அவளுக்கே தெரியவில்லை என்றால் பெரிய விஷயம்தான்.

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் தூறியது. மூன்று மணிக்கு வானம் வெறித்துவிட்டது. செவ்வந்தியும் மெழுகுவத்திக் கட்டும் வாங்கிக்கொண்டு மூவரும் போனோம். கல்லறைத் தோட்டத்தில் தேர்க்கூட்டம் மாதிரி ஜனம். சேறு.

முதலில் அப்பாதான் கல்லைப் பார்த்தார். மேலிருந்து கீழே வாசித்தார். மறுபடி மேலிருந்து வாசித்தார். பேப்பர் திருத்தும்போது ஒரு பக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று பார்ப்பாரே, அதே பார்வை. கல்லுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். “அந்த வரி எங்க தம்பி?”

“தெரியல மதினி. பேச்சிமுத்து மாத்தி வெட்டிட்டாரு போல.”

“அவர் மாத்தல” என்றேன். “நான்தான் சொன்னேன். நீங்க குளிச்சிட்டு இருந்தப்ப போன் வந்துச்சு. நீங்க சொன்னதாச் சொல்லிட்டேன்.”

பெரியம்மா என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் பெயர்மேல் கையை வைத்து, கீழ்ப் பாதி இருந்திருக்க வேண்டிய இடம்வரை தடவிப் பார்த்தார். எங்குமே இடைவெளி இல்லை. பிறகு குனிந்து செவ்வந்தியைப் பிரிக்க ஆரம்பித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அப்பா பக்கத்துக் கல்லறை மேட்டில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் சேறு.

“எனக்கு எடமே விடலியே பிள்ள” என்றார்.

இதைத்தான் அவர் விரும்பினார் என்று நான் நினைத்திருந்தேன். இடம் இல்லாவிட்டால் சந்தோஷப்படுவார் என்று. அவர் சொன்ன விதத்தில் சந்தோஷம் இல்லை. கோபமும் இல்லை. பஸ்ஸில் சீட்டுப் போட்டுவைக்கச் சொல்லி, வந்து பார்த்தால் சீட்டு இல்லாத சின்னப் பையன் சொல்வது மாதிரி இருந்தது.

“ஒங்களுக்கு எங்க வேணும்னு நீங்களே சொல்லலியேப்பா.”

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அம்மாவின் கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கிறிஸ்டில்டா டீச்சரக் கல்யாணம் பண்ணிக்கிடலாமான்னு ஒரு நெனப்பு. ஒன்ட்ட கேக்கணும்னு இருந்தேன். எப்படிக் கேக்கன்னு தெரியல. அம்மா கல்லு முடியட்டும்னு இருந்தேன். கல்லு முடிஞ்சிரக் கூடாதுன்னும் இருந்துச்சு.” நிறுத்தினார். “ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம்.”

“எனக்குத் தெரியலப்பா” என்றேன். அது பொய் இல்லை. டீச்சரைப் பிடிக்கும். அம்மாவின் அடுப்படியில் அவர் நிற்பதை நினைத்தால் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

“தெரியலன்னா தெரியட்டும். யாரு அவசரப்படுத்துதா?” என்றார் பெரியம்மா. முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை. மெழுகுவத்தியை ஏற்றினார், காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. “தம்பி, அங்கன உக்காந்து என்ன செய்யுதீய? இந்தப் பக்கம் வந்து காத்த அடைங்க. ஏட்டி, நீ அந்தப் பக்கம்.”

மூவரும் சேற்றில் குந்தி, கைகளைக் குவித்துக் காற்றை மறித்தோம். சுடர் நின்றது.

அப்போது சாமியார் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். ஊருக்குப் புதியவர், இளவயது. பின்னால், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தீர்த்த வாளியோடு வந்தார். தன் கண்ணாடியில் தீர்த்தத் துளிகள் தெறித்திருந்ததால் சாமியாரால் கல்லை வாசிக்க முடியவில்லை போல.

“இது யாரு?” என்று கேட்டார்.

“என் மனைவி” என்றார் அப்பா.

“என் தங்கச்சி” என்றார் பெரியம்மா.

“எங்க அம்மா” என்றேன் நான்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னதால் சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“பேரு மட்டும் சொல்லுங்க. போதும்” என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பெரியம்மாவும் சொல்லியிருக்கலாம். நாங்கள் இருவரும் சுடரை மறித்தபடி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சாமியாரும் தீர்த்தக் கோலை உயர்த்தியபடியே நின்றார்.

“அருள்சீலி” என்றார் அப்பா.